கீரிப்பாறை பஸ்ஸுக்கு வாங்கின பட்டை

அதிமுக்கிய அறிவிப்பு: இதை எழுதி வைத்துவிட்டுப் போகும் உன் புருஷன் ஜெயசிங்கின் குடலிறக்கத்தை டாக்டர் இன்று பதினோரு மணிக்கு இரண்டாம் முறையாகத் தைக்கவிருக்கிறார்.

ஏட்டி நேசம், நீ சர்ச்சிலிருந்து வருவதற்குள் கார் வந்துவிட்டது. "தனியாவே போவும்" என்று நேற்று நீ சொன்னபடியே அவன் போகிறான்.

மரச்சீனிக் கிழங்கு அவித்திருக்கிறது. சாளை மீன் கறி சட்டியில். பட்டினி அவனுக்குத்தான், உனக்கில்லை.

பீரோ சாவி அரிசிப் பானைக்குள். வீட்டுப் பத்திரம் மேல் தட்டில். சும்மா சொல்லி வைக்கிறான்.

போதகர் வந்தால் காப்பி கொடு. போன முறை அவர் ஜெபித்த ஜெபத்துக்குச் சவப்பெட்டி ஒன்றுதான் குறைச்சல்.

போன முறை மயக்கம் தெளிந்ததும் வாந்தி எடுத்தே தையலைப் பிய்த்துக்கொண்டான். "இனியும் பிஞ்சா தைக்கச் சதை இல்ல சார்" என்று டாக்டர் சொன்னதை உன்னிடம் மறைத்துவிட்டான்.

கீரிப்பாறை பஸ்ஸில் வாந்தி வராமலிருக்க நீ வாங்கின, மணிக்கட்டுக்கு மூன்று விரல் தள்ளிக் குமிழ் அழுத்துகிற கைப்பட்டையைக் கட்டினால் குமட்டாது என்றாய். "பஸ்ஸு வளைவும் ஆப்பரேசனும் ஒண்ணா ஏட்டி?" என்று நேற்று ஊர் கேட்கச் சிரித்து உன்னைக் கோபப்படுத்தினவன் அவன்.

பின்குறிப்பு: மத்தியானம் ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் வரும்போது ஜன்னலோரம் உட்கார். பட்டையை அவன் கட்டிக்கொண்டு போய்விட்டான்.