வாரத்துக்கு ஒன்று

ஜனவரி 8

என் செல்லத் தங்கச்சிக்கு,

ரத்தப் பரிசோதனைச் சீட்டு வந்தது. வைட்டமின் டி அதலபாதாளத்தில் கிடக்கிறது. கிடக்காமல் என்ன செய்யும்? காலையில் அலுவலகத்தின் கீழ்த்தளத்துக் கோப்பு அறைக்குள் இறங்கினால், பொழுது சாய்ந்துதானே ஏறி வருகிறாய்! எங்கள் மருந்துக்கடையிலிருந்து சின்ன மாத்திரை அனுப்பியிருக்கிறேன். தினம் ஒன்று, ஒரு நாள்கூட விடாதே. மதியம் கொஞ்சம் வெயிலிலும் நில்.

உன் அக்கா


மார்ச் 2

அக்கா,

நீ மகராசி! மாடிப்படி ஏறும்போது இப்போதெல்லாம் முனகுவதில்லை. மதியம் வண்டி நிறுத்தும் இடத்தில் கையைச் சுருட்டிவிட்டு நிற்கிறேன். காவலாளி, "என்னம்மா, உங்களையே கொடியில காயப்போட்டுட்டீங்களா?" என்று கேலி செய்கிறார். மாத்திரை தீரப்போகிறது.

தங்கச்சி


மார்ச் 15

தங்கச்சி,

சின்ன மாத்திரை இருப்பு இல்லை. பெரியதை அனுப்புகிறேன். பார்சல் பெருத்துவிடும் என்று அட்டைப்பெட்டியை எடுத்துவிட்டு, மாத்திரைப் பட்டைகளை மட்டும் நிறையவே வைத்திருக்கிறேன். விடாமல் போட்டுக்கொள். கடையில் ஒரே கூட்டம். நின்றபடியே எழுதுகிறேன்.

அக்கா


மார்ச் 27

அக்கா,

பழைய மாத்திரை ஆயிரம் யூனிட்தானே? இதில் அறுபதாயிரம் என்று போட்டிருக்கிறது. பயம் ஒன்றும் இல்லையே? கேட்டேன் என்று கோபித்துக்கொள்ளாதே.

தங்கச்சி


ஏப்ரல் 5

அடி பயந்தாங்கொள்ளி,

பதினெட்டு வருஷமாக மருந்துக்கடையில் நிற்கிறவளுக்கே பாடம் எடுக்கிறாயா? ஊரே இதைத்தான் சாப்பிடுகிறது. நான் எழுதியபடி போடு, போதும்.

அக்கா


ஆகஸ்ட் 19

அக்கா,

வாந்தி, தீராத தாகம் என்று போனில் சொன்னேனே, அது வெயிலால் வந்தது இல்லை. அந்தப் பெரிய மாத்திரையால் ரத்தத்தில் கால்சியம் ஏறி இரண்டு சிறுநீரகமும் கெட்டுவிட்டன. இனி வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். இனித் தேறும் என்று யாரும் சொல்லவில்லை.

டாக்டர், "இதை வாரத்துக்கு ஒன்னுதாம்மா போடணும். தினம் போடச் சொன்னது யாரு?" என்று கேட்டார். நானாகப் போட்டேன் என்று சொல்லிவிட்டேன். உன் வேலை போய்விடக் கூடாதே.

தங்கச்சி


செப்டம்பர் 1

தங்கச்சி,

நீ போனை எடுக்கவே இல்லை. ஒரு நாளைக்கு நாற்பது பேரிடம் "வாரத்துக்கு ஒன்னுதான்" என்று சொல்கிற வாய் இது. உனக்கும் அப்படித்தான் எழுதியதாக நினைத்திருந்தேன். பாவி, எழுதவில்லையே! என் சிறுநீரகத்தில் ஒன்றை எடுத்துக்கொள். ரத்த வகைகூட ஒன்றுதான். எப்போது வரச் சொல்கிறாயோ, வருகிறேன். திட்டவாவது ஒரு வரி எழுது.

அக்கா


செப்டம்பர் 20

அக்கா,

உன்மேல் கோபம் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். நாலு தாளைக் கிழித்துப் போட்டாயிற்று, வரவில்லை. நான் கேட்டேனே அக்கா. வாய்விட்டுக் கேட்டேனே.

உன் சிறுநீரகம் எனக்கு வேண்டாம். அதை வயிற்றில் வைத்துக்கொண்டு, உன்னைப் பார்க்கும்போதெல்லாம் நன்றி சொல்ல என்னால் ஆகாது. பிடிவாதம் என்று வீட்டில் எல்லோரும் திட்டுகிறார்கள். திட்டட்டும்.

நீ வேண்டுமென்று செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் மனசு ஆறவில்லை. வராதே. இனி எழுதவும் எழுதாதே.