அட்டவணையின் இரண்டாம் பக்கம்

ஜனவரி 4

என் அருமை ஊசிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம். உன் சுகத்தை நீ எழுதினால்தானே தெரியும்? போன கடிதத்தில் மழையைப் பற்றி ஒன்றரைப் பக்கம், உன்னைப் பற்றி இரண்டு வரி. நீ என்ன வானொலியில் வேலை பார்க்கிறாயா? சாப்பிடுகிறாயா, இல்லை இன்னும் ஊசி மாதிரியேதான் இருக்கிறாயா? அதை எழுது முதலில்.

பாப்பா படிப்பை முடித்துவிட்டாள். பிப்ரவரி இருபதாம் தேதி பட்டம் வாங்குகிறாள். வீட்டு ஆட்களுக்கு மூன்றே மூன்று அழைப்புச் சீட்டுதானாம். ஒன்று எனக்கு, ஒன்று உன் அத்தானுக்கு. மூன்றாவதில் உன் பெயரை அவளே எழுதி, அலமாரிக் கண்ணாடியில் செருகி வைத்திருக்கிறாள். "மாமா வரலைன்னா அந்த நாற்காலி காலியாவே கிடக்கட்டும், வேற யாருக்கும் தர மாட்டேன்" என்கிறாள். பிடிவாதத்தில் அப்படியே உன்னை உரித்து வைத்திருக்கிறாள்.

நீ ஏன் வரத் தயங்குகிறாய் என்று எனக்குத் தெரியாதா? இரண்டு வருஷம் ஆகிவிட்டது, ஊசி. ஸ்டோரிலிருந்த ஆசிட்டை விற்றுவிட்டுப் பீப்பாயில் தண்ணீர் ஊற்றி நிரப்பினாய் என்று மில்லிலிருந்து உன்னை அனுப்பினார்கள். துணியில் சாயம் திட்டுத் திட்டாகப் பிடித்ததும் ஆசிட்டைச் சோதித்துப் பார்த்து, அறிக்கையில் கையெழுத்துப் போட்டவள் நான். அது என் வேலை. ஆனால் அன்றைக்கே மனதுக்குள் உன்னை மன்னித்துவிட்டேன். ஏதோ அவசரம், கேட்கக் கூச்சப்பட்டிருப்பாய். ஏன் செய்தாய் என்று ஒரு நாளாவது கேட்டிருக்கிறேனா? இனியும் கேட்க மாட்டேன். பழசையெல்லாம் தலையைச் சுற்றிப் போட்டுவிட்டு வந்து சேர்.

உன்மேல் உயிரையே வைத்திருக்கும்
அக்கா


ஜனவரி 14

அன்புள்ள அக்காவுக்கு,

சாப்பிடுகிறேன். மூன்று வேளையும். இடுப்பு வார் ஒரு துளை தள்ளிப் போடுகிறேன். போதுமா?

பெயின்ட் குடோன் வேலை நன்றாகத்தான் போகிறது. சாவிக்கொத்து முழுவதும் என்னிடம்தான். மேலாளர் நல்ல மனுஷன், ஆனால் ஒரு நாளைக்கு ஆறு தடவை கண்ணாடியைத் தொலைப்பார். அதைத் தேடிக் கொடுப்பதும் என் வேலையில் சேர்ந்துவிட்டது. போன வாரம் அது அவர் நெற்றியிலேயே இருந்தது.

பாப்பா பட்டம் வாங்குவதைப் படித்து இங்கே எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். அவளுக்கு ஒரு பேனா வாங்கியிருக்கிறேன், தபாலில் வரும். நான் வர முடியாது, அக்கா. பிப்ரவரி முழுக்கச் சரக்கு சரிபார்க்கிற வேலை. அவளிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு.

இன்னொன்று. என்னை மன்னித்துவிட்டதாக எழுதியிருந்தாய். எல்லாக் கடிதத்திலும் எழுதுகிறாய். இது ஒன்பதாவது. போதும் அக்கா.

அத்தானை விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு
தம்பி


ஜனவரி 29

ஊசி,

இதை உட்கார்ந்து படி. நான் நின்றுகொண்டுதான் எழுதுகிறேன். உட்கார்ந்தால் அழுகை வருகிறது.

மில்லில் ஹீட்டர் கெட்டு நாலு நாள் ஆகிறது. ஆய்வுக்கூடத்தில் கோட்டு, கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு வேலை செய்கிறோம். கை விறைத்து வேறு வேலை ஓடவில்லை என்று, பழைய சாம்பிள் பாட்டில்கள் அடுக்கிய அலமாரியைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தேன். ஒவ்வொன்றாக எடுத்துக் குலுக்கிப் பார்த்தேன். எல்லாம் சலசலவென்றது. ஒன்று மட்டும் சத்தமே போடவில்லை. தலைகீழாகக் கவிழ்த்தேன், அசையவில்லை. உள்ளே வெள்ளையாகக் கட்டி. லேபிளில் உன் கையெழுத்து. அதே பீப்பாய், அதே தேதி.

தண்ணீர் கலந்த அசிட்டிக் ஆசிட் இந்தக் குளிருக்கெல்லாம் உறையாது. தண்ணீரே கலக்காத சுத்த ஆசிட் மட்டும்தான், பதினாறு டிகிரிக்குக் கீழே போனால் பனிக்கட்டி மாதிரி இறுகிவிடும். கல்லூரியில் முதல் வருஷம் படித்த பாடம்.

வெந்நீரில் வைத்து உருக்கி, கொஞ்சத்தை ஜாடியில் ஊற்றி, அடர்த்தி பார்க்கிற அதே மிதவைக் குழாயை விட்டேன். ஆயிரத்து ஐம்பது காட்டியது. அன்றைக்குக் காட்டியதும் ஆயிரத்து ஐம்பதுதான். நாம் எப்போதும் வாங்குவது நூற்றுக்கு எண்பது பங்கு ஆசிட், அது ஆயிரத்து எழுபது காட்டும். அளவு இறங்கினால் தண்ணீர் என்றுதானே எல்லோரும் வைத்திருந்தோம்? சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையும் ஆயிரத்து ஐம்பதுக்கு நேரே 'நாற்பத்தொரு பங்கு' என்றது. பாதிக்குப் பாதி தண்ணீர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அந்த அட்டவணைக்கு இரண்டாம் பக்கம் உண்டு, ஊசி. யாரோ முதல் பக்கத்தை மட்டும் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். புத்தகத்தை எடுத்து இன்றைக்குத்தான் பார்த்தேன். தண்ணீரில் ஆசிட் கூடக் கூட அளவு ஏறிக்கொண்டே போகிறது. எண்பது பங்கு வரைக்கும்தான் அந்த ஏற்றம். அதற்கு மேல் இறங்க ஆரம்பித்து, சுத்த ஆசிட்டில் மறுபடி ஆயிரத்து ஐம்பதுக்கே வந்து நிற்கிறது. ஒரே எண், இரண்டு இடத்தில்.

எது என்று தெரிந்துகொள்ள ஒரு கரண்டித் தண்ணீர் போதும். ஊற்றியதும் அளவு இறங்கினால், ஏற்கெனவே தண்ணீர் கலந்தது. ஏறினால், சுத்தம். ஊற்றினேன். மிதவை மேலே எழும்பியது.

அனுப்பியவர்கள் எண்பதுக்குப் பதில் சுத்த ஆசிட்டை அனுப்பிவிட்டார்கள். வழக்கமான அளவையே சாயத் தொட்டியில் ஊற்றியதால் ஆசிட் அதிகமாகி, சாயம் அவசர அவசரமாகப் பிடித்து, துணி திட்டுத் திட்டாகப் போயிருக்கிறது. நீ ஒரு சொட்டுகூட எடுக்கவில்லை.

அன்றைக்கு ஆய்வுக்கூட வாசலில் நின்று, "அக்கா, இன்னொரு தடவை வேற மாதிரி டெஸ்ட் பண்ணிப் பாரேன்" என்று கேட்டாய். கால் மணி நேர வேலை. முதலாளி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். தம்பிக்காக இரண்டாம் தடவை பார்க்கிறாள் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். வேறு யார் கேட்டிருந்தாலும் செய்திருப்பேன். நீ கேட்டதால் செய்யவில்லை. அதற்கப்புறம் மன்னித்தேன், மன்னித்தேன் என்று ஒன்பது கடிதம்! என் வாயில் மண்ணை அள்ளிப் போட.

மீதியைப் பத்திரமாக மூடி ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறேன். உன்னிடம் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

அக்கா


பிப்ரவரி 9

என் கண்ணு ஊசி,

உன்னிடமிருந்து பதில் இல்லை. கேட்கிற தகுதி எனக்கும் இல்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

ஃபிரிட்ஜிலிருந்து பாட்டிலை எடுத்து முதலாளி மேசையில் கவிழ்த்து வைத்தேன். அட்டவணையின் இரண்டு பக்கத்தையும் பக்கத்தில் விரித்தேன். கேட்டுவிட்டு, "ஏம்மா, ரெண்டு வருஷம் கழிச்சு இதையெல்லாம் எதுக்குக் கிளறணும்?" என்றார். "அந்த அறிக்கையில இருக்கறது என் கையெழுத்து சார். தப்புன்னு தெரிஞ்சப்புறம் எப்படி சார் தூங்கறது? என்மேல என்ன நடவடிக்கை வேணும்னாலும் எடுங்க" என்றேன். பாட்டிலை எடுத்து அவரே ஒரு தடவை குலுக்கிப் பார்த்தார். அப்புறம் பேனாவை எடுத்தார்.

உன்மேல் எந்தக் குற்றமும் இல்லை என்று எழுதி அவரும் நானும் போட்ட கையெழுத்து இத்துடன் இருக்கிறது. ஸ்டோரில் எல்லோரையும் நிற்க வைத்து நானே சத்தமாகப் படித்தேன். கேட்டு முடித்ததும் லாரி டிரைவர், "அவன் எடுத்திருக்க மாட்டான்னு எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றார். லாரி டிரைவருக்குத் தெரிந்திருக்கிறது, கூடப் பிறந்தவளுக்குத் தெரியவில்லை. பழைய வேலையைத் திரும்பத் தருகிறோம் என்கிறார் முதலாளி. இரண்டாம் பக்கத்தையும் சுவரில் ஒட்டிவிட்டேன்.

பாப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு நாளாக அவள் என்னிடம் பேசவில்லை. மூன்றாவது சீட்டு இன்னும் கண்ணாடியில்தான் இருக்கிறது. எனக்காக வர வேண்டாம், அவளுக்காக வா. என் முகத்தில் விழிக்கப் பிடிக்கவில்லை என்றால் அன்றைக்கு நான் வீட்டிலேயே இருந்துவிடுகிறேன். மனதாரச் சொல்கிறேன்.

உன்
அக்கா


பிப்ரவரி 14

அன்புள்ள அக்கா,

உன் ஜனவரிக் கடிதம் வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். ஐந்து தாள் கிழித்தேன். ஒன்றில் உன்னைக் கண்டபடி திட்டியிருந்தேன். இன்னொன்றில் 'அதனால் என்ன, பரவாயில்லை' என்று எழுதியிருந்தேன். அது சுத்தப் பொய், அதையும் கிழித்தேன். இரண்டாவது கடிதத்தைக் குடோனில் பிரித்துப் படித்தேன். மேலாளர் வந்து, "என்னப்பா, கண்ல பெயின்ட் பட்டுடுச்சா?" என்றார். ஆமாம் என்றேன்.

திருடன் என்று நீ நினைத்ததைக்கூடத் தாங்கிக்கொண்டேன், அக்கா. நீ மன்னித்ததைத்தான் தாங்க முடியவில்லை. சண்டை போட்டிருந்தால் நானும் பதிலுக்கு, "நான் எடுக்கலை, எடுக்கலை" என்று ஊரைக் கூட்டியிருப்பேன். நீ கத்தவே விடாமல் தலையைத் தடவிக் கொடுத்துக்கொண்டே இருந்தாய். செய்யாத தப்புக்கு மன்னிப்பு வாங்கிக்கொண்டு எந்த முகத்தோடு உன் வீட்டுக்குள் வருவேன்?

அதனால் இப்போது பதிலுக்கு நான் உன்னை மன்னித்தேன் என்று எழுதப் போவதில்லை. அந்த வார்த்தையே நமக்குள் இனி வேண்டாம். கோபம் இருக்கிறது. நேரில் வந்து கோபப்படுகிறேன். நான் கத்தி முடிக்கிற வரை நீ வாயைத் திறக்கக் கூடாது. முடித்ததும் சாப்பாடு போட வேண்டும். வேலை வேண்டாம் என்று முதலாளியிடம் சொல்லிவிடு. நான் இல்லாவிட்டால் இங்கே ஒருவருக்குக் கண்ணே தெரியாது.

நீ வீட்டில் இருந்துகொள்கிறேன் என்று எழுதினாயே, இது என்ன பேச்சு? நாற்காலி மூன்றும் நிறைய வேண்டும். நீ நடுவில் உட்கார். அழுதால் ஒரு பக்கம் அத்தான் தோள், ஒரு பக்கம் என் தோள்.

பத்தொன்பதாம் தேதி காலை வண்டியில் வருகிறேன். ஸ்டேஷனிலிருந்து நேரே வீட்டுக்குக் கூட்டிப் போகாதே. முதலில் மில்லுக்குப் போவோம். பாட்டிலை உருக்கி, என் எதிரில் ஒரு கரண்டித் தண்ணீர் ஊற்று. மிதவை மேலே எழும்புவதை நான் கண்ணால் பார்க்க வேண்டும். இன்னொரு தடவை டெஸ்ட் பண்ணு என்று கேட்டுவிட்டு, இரண்டு வருஷமாக அந்த வாசலிலேயேதான் நின்றுகொண்டிருக்கிறேன், அக்கா.

உன்
ஊசி