பூக்காத பாதிப் பந்தல்

ஏப்ரல் 24

எங்கள் பூந்தோட்டத்து ஊதாப் பூக்கொடிப் பந்தலின் வடக்குப் பாதியில் மொட்டுச் சரங்கள் இறங்கிவிட்டன. தெற்குப் பாதியில் இலை மட்டும்தான். பரவாயில்லை, வரும்.

பனிக்காலத்தில் தெற்குப் பாதியை ஒட்ட வெட்டியது நான்தான். கொடியின் அடித்தண்டு என் தொடைப் பருமன் இருந்தது. இரும்புத் தூணைச் சுற்றி முறுக்கியதில் தூணே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. ஜனங்கள் அதற்கடியில்தான் குழந்தைகளை உட்கார வைத்துப் படம் எடுப்பார்கள். அன்றைக்கு மேலாளர் கேட்டார்: "பூ வரலைன்னா என்னம்மா பண்றது?" "மே மாசம் வந்து பாருங்க சார்" என்றேன். கத்தரி அக்கா என்று சும்மாவா பேர் வைத்திருக்கிறார்கள்?

ஏப்ரல் 28

தெற்குப் பாதி: இலை. நல்ல இலை. ஆனால் இலை.

மே 1

விடுமுறைக் கூட்டம். வடக்குப் பாதி முழுக்கப் பூத்துத் தொங்குகிறது, தேனீக்களின் சத்தம் வாசல் வரை கேட்கிறது. பக்கத்து லைலாக் பூச்செடிகளும் மணக்கின்றன. ஆனால் வந்தவர்கள் எல்லாம் கேட்டது அந்தப் பாதியைப் பற்றித்தான்.

கல்யாணப் படம் எடுக்க வந்த ஒரு பெண் டிக்கெட் கவுன்டரில் சண்டையே போட்டாள். நான் வேலிக்குப் பின்னால் ரோஜாவுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். "பாதியை மொட்டை அடிச்சு வச்சிருக்கீங்க, எந்தப் புண்ணியவான் வேலை இது?"

கவுன்டரில் இருப்பது என் நாத்தனார். முன்னாள் நாத்தனார் என்று எழுத வேண்டும். அவளுடைய அண்ணன் வேறொருத்தியோடு வேறு ஊருக்குப் போன பிறகு, நாங்கள் இருவரும் ஒரே வாசலில் நுழைந்து ஒரே வாசலில் வெளியேறுகிறோம், பேசுவதில்லை. ஆகவே, என் பேரைச் சொல்லிக் கழற்றிக்கொள்வாள் என்று நினைத்தேன்.

அவள் சொன்னாள்: "தூணு சாஞ்சு உங்க தலையில விழுந்திருந்தா படம் எப்படி எடுப்பீங்க? வெட்டினவங்க தெரிஞ்சுதான் வெட்டியிருக்காங்க."

முட்டுக் குச்சியைத் தலைகீழாக நட்டுவிட்டேன்.

மே 4

பூக்காது. இந்த வருடம் தெற்குப் பாதி பூக்காது. இன்று ஏணி போட்டு ஏறி, ஒவ்வொரு கணுவாகப் பார்த்தேன். முந்தைய வருடத்துத் தண்டில்தான் இது மொட்டு விடும். நான் அதை எல்லாம் எடுத்துவிட்டேன். புதுத் தண்டு முற்ற இன்னும் இரண்டு வருடமாவது ஆகும். வெட்டியது சரி. மே மாதம் என்று வாயை விட்டதுதான் தப்பு.

மேலாளர் குடையோடு வந்தார். வெயிலோ மழையோ குடை இல்லாமல் அவர் இல்லை. "பதினஞ்சாம் தேதி தலைமை அலுவலகத்துலேர்ந்து வர்றாங்க. யார் வெட்டினதுன்னு கேட்டா உன்னைத்தான் காட்டுவேன். அடுத்த மாசம் நீ நாற்றுப் பண்ணைக்குப் போயிடு, கத்தரிக்குழுவை வேற ஆளு பாக்கட்டும்."

தூணைக் காட்டினப்ப தலையை ஆட்டினது யாரு? அதே குடைக்காரர்தானே! வெட்டினது நான், சரி, ஆனா வெட்டச் சொன்னது யாரு? போகட்டும். காட்டட்டும். நான் என்ன ஓடியா ஒளியப் போறேன்?

மே 7

பந்தலுக்கடியில் ஒரு நீளப் பாத்தி உண்டு. நான் வேலைக்கு வந்த நாளிலிருந்து அதில் வாள் மாதிரி ஐரிஸ் இலைகள் மட்டும்தான். களையோடு களையாக விட்டுவைத்திருந்தோம். இன்று காலை ஹோஸைப் போட்டு இழுக்கும்போது பார்த்தேன். தெற்குப் பாதிக்கு அடியில் மட்டும் தண்டு கிளம்பி, ஒவ்வொன்றின் நுனியிலும் சுருட்டிய குடை போல மொட்டு.

மேலே கொடிக் கூரை போனதும் வெயில் இறங்கியிருக்கிறது. அவ்வளவுதான் விஷயம். நான் திட்டமிட்டேனா? இல்லை. ஆனாலும் ஹோஸைக் கீழே போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் இளித்துக்கொண்டு நின்றேன்.

மே 9

பூத்துவிட்டன. கருநீலம், தொண்டையில் மஞ்சள் கோடு. மேலே பார்த்து முகம் சுளிக்கிறவர்கள் கீழே பார்த்துக் குனிகிறார்கள்.

சாப்பாட்டு வேளையில் நாத்தனார் டப்பாவோடு என் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். முதலில் டப்பா மூடியிடம் பேசினாள்.

"அம்மாவுக்கு இடுப்புல ஆபரேஷன் ஆச்சு. வீல் சேர்ல உக்கார வச்சா வெளிய வரமாட்டேங்கறாங்க. பார்க், கடை, எங்க கூப்பிட்டாலும் வேணாம்."

"டாக்டர் என்ன சொல்றாரு?"

"வெளிச்சத்துல உக்காரச் சொல்றாரு. இவங்க சுவத்தைப் பாத்துப் படுத்திருக்காங்க." மூடியைத் திறந்து மறுபடி மூடினாள். "நேத்து மட்டும் வாயத் தொறந்தாங்க. அவ இருக்கிற தோட்டத்துக்குன்னா வரேன்னு."

அவ. என் பேரைக்கூடச் சொல்லவில்லை, ஆனாலும் அது நான்தான். "திங்கக்கிழமை கூட்டிட்டு வா. தோட்டம் மூடியிருக்கும், கூட்டம் இருக்காது" என்றேன்.

மே 11

அத்தை இளைத்துவிட்டார். வாய் இளைக்கவில்லை.

"பூ இல்லாத பந்தலைக் காட்டத்தான் வரச் சொன்னியா?" என்பதுதான் முதல் பேச்சு.

"கீழ பாருங்க அத்தை."

பார்த்தார். ஓர் ஐரிஸைத் தாடையைப் பிடிப்பது போலப் பிடித்துத் திருப்பினார். "பரவால்ல, பொழைச்சுக்குச்சு." நான்தான் நாற்காலியைத் தள்ளினேன். லைலாக், வெள்ளை மேக்னோலியா, மஞ்சள் சரம் தொங்கும் மரங்களின் வரிசை. அந்த மஞ்சளுக்குக் கீழே நிறுத்தச் சொன்னார். மடியில் உதிர்ந்ததை எல்லாம் தட்டிவிடாமல் வைத்துக்கொண்டார்.

பிறகு திரும்பிப் பார்க்காமலேயே கேட்டார். "உன்னை விட்டுட்டுப் போனது அவன். நான் எங்கடி போனேன்? என்னை ஏன் விட்டுட்ட?"

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "நீங்க கூப்பிடவே இல்லையே!"

"நீ வந்து நின்னா கதவைத் தொறக்காம இருந்திருப்பேனா?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

நாத்தனார் குறுக்கே வந்தாள். "போதும், ரெண்டு பேரும் ஒரே ரகம். மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டா இறக்கத் தெரியாது." அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இடுப்பு வலிக்குது, சிரிக்க வைக்காதீங்கடி என்று சொல்லிக்கொண்டே சிரித்தார். நான் அழுதேன். அதை எழுத எனக்கு வெட்கமில்லை.

மே 15

தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அம்மாவும் இரண்டு பேரும். பந்தலடியில் நின்றதும் மேலாளர் குடையை மடக்கினார். "வெளிச்சம் வரட்டும்னுதான் மேடம் இந்தப் பக்கத்தைத் திறந்து விட்டோம். அடியில ஐரிஸ், புது ஏற்பாடு."

வாயை மூடிக்கொண்டிருந்தால் நாற்றுப் பண்ணைக்குப் போவதிலிருந்து தப்பியிருப்பேன். ஆனால் அந்தப் பேச்சு எனக்கு ஒட்டவில்லை.

"இல்லைங்க மேடம். தூண் சாஞ்சதால வெட்டினேன். மே மாசம் பூக்கும்னு நான் சொன்னது தப்பு, இன்னும் ரெண்டு வருஷமாவது ஆகும். ஐரிஸ் எங்க அதிர்ஷ்டம்."

அந்த அம்மா தூணைத் தட்டிப் பார்த்தார். "அந்தப் பக்கத் தூணும் சாயுதே?"

"ஆமா."

"அதையும் வெட்டுவீங்களா?"

"வர்ற பனிக்காலத்துலயே. ஆனா ஒரே மூச்சா இல்ல. கொஞ்சம் கொஞ்சமா."

"நீங்களே வெட்டுங்க" என்றார். மேலாளர் குடையை விரித்தார். வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை.

மே 17

இரண்டு விரலில் கொப்புளம். ரோஜாக்கள் கொட்டிக் கிடக்கின்றன. நன்றாகத் தூங்கினேன்.

மே 24

ஞாயிறு. அத்தை வீடு. அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார், நாத்தனார் கட்டிலுக்கு உறை மாற்றினாள். மேலாளர் குடையை மடக்கி விரித்த கதையை நான் நடித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. திரையில் அண்ணன்காரன் பேர் வந்ததை மூவருமே பார்த்தோம். நாத்தனார் உறையைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

அத்தை எடுத்தார். "இப்ப பேச முடியாதுப்பா, வீட்ல ஆள் இருக்கு... விருந்தாளி இல்லடா, நம்ம வீட்டு ஆளுதான். சாயங்காலம் பேசு." வைத்துவிட்டார்.

என் பக்கம் திரும்பினார். "சொல்லு, எங்க விட்ட?"

விட்ட இடத்திலிருந்து சொன்னேன்.