மலையூர்ச் சோடாத் தண்ணீரும் சிஞ்ஞோராவின் கோபமும்

எங்கள் வீட்டின் மூத்தவள், என் மதலேன் அக்காவுக்கு, கன்னத்தில் ஒரு கொஞ்சல்.

இதை எழுதவென்று இருந்து மூன்று தரம் எழும்பிவிட்டேன். ஒருக்கால் அடுப்பைப் பார்க்க, ஒருக்கால் கதவைப் பூட்டினேனோ என்று பார்க்க, மூன்றாம் தரம் சும்மா. கழுவின கோப்பையையே திரும்பவும் கழுவினேன். நேற்று நடந்ததை உங்களுக்குச் சொல்லாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அக்கா, நான் சொல்லிவிட்டேன். நீங்கள் செத்துப்போனதைச் சிஞ்ஞோராவுக்குச் சொல்லிவிட்டேன்.

உங்களை அடக்கம் பண்ணி மூன்றாம் நாள், நீங்கள் ஒன்பது வருசம் அந்தக் கிழவி சிஞ்ஞோராவைப் பராமரித்த வீட்டுக்கு, உங்கள் இடத்துக்கு வேலைக்குப் போனேன். வாசலிலேயே சிஞ்ஞோராவின் மகள் என்னை மறித்தாள். "அம்மாவுக்கு இதயம் பலவீனம். மத்தலேனா ஊருக்குப் போயிட்டா எண்டு சொல்லு" என்றாள், உங்கள் பெயரைத் தங்கள் மாதிரியே சொல்லி. நான் தலையாட்டினேன். இந்த நாட்டில் இருக்கிறதுக்கு எனக்குப் பெர்மெஸ்ஸோ அனுமதிப் பத்திரம் புதுப்பிக்க வேண்டும், அதற்கு அவளுடைய கையெழுத்து வேண்டும். அது மட்டுமில்லை, கிழவி தாங்கமாட்டார் என்று எனக்கும் பயம்தான்.

அதனால் நான் கறுப்பு உடுக்கவில்லை. அந்த வீட்டில் அழவில்லை. உங்கள் முப்பத்தோராம் நாள் பூசைக்கு, பல்லுப் பிடுங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். திரும்பிப் போனபோது சிஞ்ஞோரா என் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார் தெரியுமோ? "எந்தப் பல்லு?" என்றார். நல்லகாலம், முந்தியே ஒன்று இல்லாமல் இருந்தது.

ஆனால் அந்தப் பொய் உங்கள் தலையில் போய் விழும் என்று நான் நினைக்கவில்லை. ஒவ்வொரு நாளும் நான் தலைவாரிவிட, அவர் உங்களை ஏசுவார். "ஒன்பது வருசம் என்ரை மேசையிலை சாப்பிட்டவள். போகேக்கை ஒரு சொல்லுச் சொன்னவளோ? ஒரு டெலிபோன் எடுத்தவளோ? கல்லு நெஞ்சுக்காரி." நான் சீப்பைப் பிடித்தபடி நிற்பேன். உங்களை ஏசக் கேட்டுக்கொண்டு, பின்னேரம் பஸ்ஸில் பிரான்காச்சோவில் எங்கள் வீட்டுக்கு வந்தால், சாப்பாடு இறங்காது. நீங்கள் ஒருவரிடமும் சொல்லாமல் போகிற ஆளோ?

அவர் பிறந்த மலையூருக்குக் கூட்டிக்கொண்டு போவதாக நீங்கள் வாக்குக் கொடுத்திருந்தீர்களாம். அதையும் ஏமாற்று என்றார். அந்தப் பழியாவது போகட்டும் என்று மகளிடம் கேட்டு, எட்வின் அண்ணையின் காரில் நேற்று கூட்டிக்கொண்டு போனேன். எட்வின் அண்ணையைத் தெரியும்தானே, உங்கள் பெட்டியின் தலைமாட்டைத் தூக்கினவர். துறைமுகத்தில் அவருக்கு நேற்று லீவு.

வளைந்து வளைந்து ஏறுகிற பாதை. உச்சியில் உடைந்த கோட்டை, அதன் கீழே கல்லு வீடுகள், பழைய கோயில். ஊருக்குக் கொஞ்சம் வெளியே, கல்லுச் சுவரில் ஒரு இரும்புக் குழாய். அதிலிருந்து வருகிற தண்ணீரில் தானாகவே காஸ் இருக்கிறது அக்கா! கோப்பையில் பிடித்தால் முத்து முத்தாகப் பொங்குகிறது. நாக்கில் குத்துகிறது, ஆணியைச் சூப்பின மாதிரி ருசி. தண்ணீர் விழுகிற கல்லு முழுக்கச் செங்காவி நிறம்.

எட்வின் அண்ணை ஒரு மிடறு குடித்துவிட்டுப் பெரிதாக ஏவறை விட்டார். "மன்னாரிலை சோடாக் கொம்பனி வைச்சிருக்கிறவன் இதைக் கண்டால் தூக்கிலை தொங்குவான்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. உடனேயே பயமும் வந்தது. ஏன் என்று தெரியவில்லை.

அங்கே ஊர்ப் பெண்கள் நாலு பேர் தண்ணீர்க் கான்களோடு நின்றார்கள். சிஞ்ஞோராவை அடையாளம் கண்டு கட்டிப்பிடித்தார்கள். ஒருத்தி என்னைப் பார்த்து, "இவ ஆர்?" என்று கேட்டாள். சிஞ்ஞோரா கைத்தடியால் என்னைக் காட்டினார். "என்னை விட்டிட்டு ஓடினவளின்ரை தங்கச்சி. இவையளுக்கு எவ்வளவு செய்தாலும் இப்பிடித்தான். இவளும் ஒருநாளைக்கு ஓடுவாள்."

எட்வின் அண்ணை என்னைப் பார்த்து, "பேசாமல் இரு பிள்ளை" என்று தமிழில் மெதுவாகச் சொன்னார்.

என்னால் முடியவில்லை அக்கா. அத்தனை பேருக்கு முன்னால்.

"அவ ஓடேல்லை சிஞ்ஞோரா. செத்துப்போனா" என்றேன்.

சிஞ்ஞோரா தடியை நிலத்தில் ஊன்றினார். "எப்ப?" என்றார்.

"மூண்டு மாசம். நெஞ்சு நோகுது எண்டு ஆசுப்பத்திரிக்குப் போனவ. விடியமுன்னம் முடிஞ்சுது."

"நீ எப்ப என்ரை வீட்டுக்கு வந்தனி?"

"தாட்டு மூண்டாம் நாள்."

"அண்டைக்கு நான் ரேடியோவிலை பாட்டுப் போட்டனான். நீ சிரிச்சனி."

"ஓம்."

தடியால் என் கையில் அடித்தார். நோகத்தான் அடித்தார். "பொய்க்காரி! செத்தவளை என்னைக்கொண்டு ஏச வைச்சனியே!" என்று கத்தினார். அவருடைய உதடு நீலமாகிற மாதிரி இருந்தது. கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன். எட்வின் அண்ணை அவரைப் பின்னால் தாங்கிப் பிடித்துக்கொண்டார்.

அவருக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. பிறகு, அந்தப் பெண்கள் பக்கம் திரும்பினார். "நான் சொன்னது பிழை. மத்தலேனா ஓடேல்லை. ஒன்பது வருசம் என்னைப் பாத்தவள். நல்லவள்" என்றார். ஒவ்வொருத்தியாகப் பார்த்து, நாலு பேருக்கும் சொன்னார்.

பிறகு என்னிடம் கேட்டார்: "உனக்கு ஆர் சமைச்சுத் தந்தது?"

எனக்கு விளங்கவில்லை. இந்த ஊரிலும் செத்த வீட்டுக்கு அயலட்டைச் சனம்தான் சமைத்துக் கொடுக்குமாம், எங்களைப் போல. எனக்கு யார் தருவது? நான் மூன்றாம் நாளே சிரித்துக்கொண்டு வேலைக்குப் போனவள். "ஒருத்தரும் இல்லை" என்றேன். சிஞ்ஞோரா ஒரு பெண்ணிடம் ஏதோ சொல்ல, அவள் வீட்டுக்கு ஓடிப்போய்ப் பாண், சீஸ், அவித்த முட்டை, சூடான கோப்பி எல்லாம் கொண்டுவந்தாள். "சாப்பிடு. இது செத்த வீட்டுச் சாப்பாடு" என்றார் சிஞ்ஞோரா. தடியைப் பிடித்தபடி முன்னால் நின்றார், நான் கடைசி முட்டையை விழுங்கும் வரைக்கும்.

அப்போதுதான் அழுதேன் அக்கா. வாயில் பாணோடு.

இரவுக்கு முன்னமே சிஞ்ஞோரா சொல்லி மகளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. "திங்கக்கிழமை கதைப்பம்" என்று மட்டும் டெலிபோனில் சொன்னாள். அந்தக் குரல் நல்லாயில்லை. வேலை போகுமோ? கையெழுத்துத் தராமல் விடுவாளோ? தெரியாது. என் பிள்ளைகளுக்கு இதை இன்னும் சொல்லவில்லை. நீங்கள் இருந்தால் என்ன சொல்வீர்கள்? "விசரி, கொஞ்சம் பொறுத்திருக்கலாமே" என்பீர்களோ?

நேற்றுக் காரால் இறங்கும்போது சிஞ்ஞோரா என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒன்று சொன்னார்: "சனிக்கிழமை என்னை அவளிட்டைக் கூட்டிக்கொண்டு போ. நெஞ்சு நோகுது எண்டு ஏன் எனக்குச் சொல்லேல்லை எண்டு கேக்கவேணும்."

உங்கள் கல்லறைக்குக் கூட்டிக்கொண்டு வருவேன் அக்கா. வேலை இருந்தாலும் வருவேன், போனாலும் வருவேன். அவர் உங்களை முகத்துக்கு நேரே ஏசட்டும். நான் கொஞ்சம் தள்ளி நிற்பேன். அவர் முடித்ததும் நான் கிட்ட வருவேன், ஏனென்றால் எனக்கும் நீங்கள் அந்த நெஞ்சு நோவைச் சொல்லவில்லை.

உங்கள் கூடப்பிறந்தவள்,
திரேசம்மா