மூன்றாம் மாடித் தாயைப் பற்றி நீ எழுதியது

அன்பு மகள் வஹீபாவுக்கு, என் முழங்கால் நீங்கலாக இங்கே எல்லாம் இறைவன் அருளால் சுகம். மொன்றியல் குளிரில் நீயும் பேரனும் சுகமாக இருக்க வேண்டும். எனக்கு எழுதப் படிக்க வராது, நான் சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டு ஸ்லிமான் எழுதுகிறான். உன் நாவலையும் ஒன்பது நாள் உட்கார்ந்து அவன்தான் படித்துக் காட்டினான். "நாப்பது வருஷமா இதே கட்டடத்துல குப்பை கொட்டுறேன், என்னைப் பத்தி ஒரு வரி எழுதலையே உம் பொண்ணு" என்று அவனுக்குக் கோபம். மற்றவர்களுக்குத் தங்களைப் பற்றி எழுதிவிட்டாயே என்று கோபம். ஆளாளுக்குத் தங்கள் பக்கத்தைக் கண்டுபிடித்து மடித்து வைத்திருக்கிறார்கள். லியோன் நகரத்திலிருந்து தொலைக்காட்சிக்காரர்கள் வந்து, நம்மைப் போன்றவர்கள் குடியிருப்பில் கார் எரிந்தாக வேண்டும் என்பதுபோல, எரிந்த கார் எங்கே என்று கேட்டார்கள், இந்த வாரம் இல்லை என்று சொல்லி அனுப்பினோம்.

விஷயம் வேறு. உன் அம்மா போனதிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் எனக்கு ஒரு தட்டு குஸ்குஸ் கொடுத்தனுப்பும் மூன்றாம் மாடி ஸூலிகா, நாலு வாரமாக அனுப்பவில்லை. நீ பெயரை மாற்றியும் அந்தத் தாய் அவள்தான் என்று எல்லோருக்கும் தெரிகிறது. மகன் நிலவறையில் கஞ்சாக் கட்டிகளைப் பதுக்கியது தெரிந்தே அவள் வாயை மூடிக்கொண்டாள் என்று எழுதியிருக்கிறாய். உனக்கு அப்போது பதினைந்து வயது, படிக்கட்டில் பேசியதைக் கேட்டு எழுதிவிட்டாய். அவள் மகன் ரியாத் பிடிபட்ட அன்று போலீஸ்காரன் அந்தப் பழுப்புக் கட்டியைக் காட்டியபோது ஸூலிகா, "மருதாணியா?" என்று கேட்டாள், நான் பக்கத்தில் நின்றேன். அப்புறம் மூன்று வருஷம் சனிக்கிழமைதோறும் அவன் துணியைத் துவைத்து, இரண்டு பஸ் மாறிச் சிறைக்குக் கொண்டுபோனாள்.

தெரிந்தவன் நான். அந்த வருஷம் ரமலானுக்கு முந்திய செவ்வாய்க்கிழமை சைக்கிளை எடுக்க நிலவறைக்குப் போனேன். ரியாத் தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் கையை விட்டுக்கொண்டு நின்றான். "மாமா, நீங்க எதையும் பாக்கலதானே?" என்றான். "சைக்கிளத்தாண்டா பாத்தேன்" என்று சொல்லி, டயருக்குக் காற்றடித்துக்கொண்டு வந்துவிட்டேன். ஊரான் வீட்டுப் பையன், நமக்கேன் வம்பு என்று இருந்துவிட்டேன்.

நேற்று இறங்கிப் போய் ஸூலிகாவிடம் இதைச் சொன்னேன். "பதினோரு வருஷம் என் கையால சாப்பிட்டீங்களே அண்ணே" என்றாள், கதவைச் சாத்தினாள்.

ஆகவே அடுத்து அச்சடிக்கும்போது அந்தத் தாயை எடுத்துவிட்டு என்னைப் போடு. ஸ்லிமான் இதை எழுதமாட்டேன் என்று பேனாவைக் கீழே வைத்தான், திட்டி எடுக்க வைத்தேன். பேரனுக்குக் காதை மூடித் தொப்பி போடு. இறைவன் உன் கையை நேராக நடத்தட்டும். ஒன்று மறக்காதே, பெயரை மாற்றாதே, கீழே இருக்கிறபடியே போடு.

உன் அப்பா,
மிலூத்,
எட்டாம் எண் கட்டடம், ஐந்தாம் மாடி.