தாழ்வாக மாட்டிய ஏர் ஃபில்டர்

ஐப்பசி, வெள்ளிக்கிழமை. மழை விடவில்லை.

டீசல் பிக்கப்புக்கு இழுவை போதவில்லை என்று என் வீட்டுக்காரர் போன மாதம் அம்பத்தூர் கடையில் இரண்டு வகை ஏர் ஃபில்டர் பார்த்தார். ஒன்று மூடிய பெட்டிக்குள், என்ஜினுக்கு மேலே உட்காருவது. இன்னொன்று பம்பருக்குப் பின்னால் தாழ்வாக உட்கார்ந்து குளிர்ந்த காற்றை இழுப்பது.

"மழைன்னா முட்டி வரைக்கும் தண்ணி நிக்குதே, மேல இருக்கறதே எடுங்க" என்றேன்.

"உனக்கு இன்னா தெரியும்? சும்மா கெட" என்று தாழ்வானதையே மாட்டினார்.

இன்று சுரங்கப்பாதையில் போகும்போது, தேங்கிய தண்ணீரை அது என்ஜினுக்குள் உறிஞ்சிவிட்டது. வண்டியைக் கட்டி இழுத்து வந்தார்கள். மெக்கானிக் பார்த்துவிட்டு, "என்ஜின் போச்சுண்ணா" என்றார்.

வண்டி வாசலில் நிற்கிறது. இவர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உள்ளேயே உட்கார்ந்திருக்கிறார். சாப்பிடக் கூப்பிட்டேன்.

"நீ தூங்கு. காலைல திருமழிசைல லோடு ஏத்தணும்" என்றார்.

வண்டி ஓடாது என்பதே தெரியாதவர் போலப் பேசுகிறார். எனக்குப் பயமாக இருக்கிறது.