வீட்டில் அடிபடுகிறவர்கள்

அன்பும் மதிப்பும் மிக்க அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம். குளியலறையில் விழுந்து அடிபட்ட காலின் கட்டைப் பிரித்துவிட்டார்கள் என்றும், அதற்குள் கைத்தடியை மூலையில் வைத்துவிட்டுக் கூடத்திலும் சமையலறையிலும் நடமாடுகிறீர்கள் என்றும் மருமகன் தொலைபேசியில் சொன்னான். கைத்தடியோடு நடக்கும்படிதானே மருத்துவர் சொன்னார் என்று கேட்டேன். அதை உங்களிடமே கேட்டுக்கொள்ளும்படி சொல்லி நழுவிவிட்டான். தாய்மாமன் வக்கீலாக இருந்தால் பிள்ளைகள் எப்படிப் பேசக் கற்றுக்கொள்கிறார்கள் பாருங்கள்.

மகன் வீட்டுக்குப் புறப்பட்ட அன்று உங்கள் அட்டைப்பெட்டிப் பட்டறையை என்னிடம் விட்டு, ஒரே ஒரு பொறுப்பைத்தான் ஒப்படைத்தீர்கள். "பெட்டி கொஞ்சம் கோணலா போனாலும் பரவால்ல. நான் திரும்பி வர்றப்ப எல்லார் கையிலயும் விரல் முழுசா இருக்கணும்" என்றீர்கள். நான் ஏற்ற எந்த வக்காலத்தும் இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை. ஆகவே, அட்டைப்பெட்டி செய்வது பற்றி எனக்கு ஏதும் தெரியாது என்ற உண்மையை ஒருபுறம் வைத்துவிட்டு, ஒரு பட்டறை முதலாளி தன்னிடம் வேலை செய்பவர்களுக்குச் செய்ய வேண்டிய கடமைகள் எவையெவை என்று சட்டப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்து, ஒவ்வொன்றாக நிறைவேற்றி வருகிறேன்.

நடைபாதைகளுக்கு மஞ்சள் கோடு போட்டாயிற்று. உங்கள் குடைக்கும் பழைய காலண்டர்களுக்கும் பின்னால் மறைந்திருந்த தீயணைப்புக் கருவியை எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டியாயிற்று. கனமான கட்டுகளைத் தூக்கும்போது முதுகை வளைக்காமல் முட்டியை மடக்க வேண்டும் என்று எழுதிச் சுவரில் ஒட்டியாயிற்று. வெட்டும் இயந்திரத்தை ஒரு முழுப் பகல் கூர்ந்து கவனித்தேன். இடக்கைக்கு ஒரு பொத்தான், வலக்கைக்கு ஒரு பொத்தான். இரண்டையும் ஒருசேர அழுத்தினால்தான் கத்தி இறங்கும். இரு கைகளும் பொத்தான்களின் மேல் இருக்கும்போது கத்திக்கு அடியில் எந்தக் கை இருக்க முடியும்? அதை வடிவமைத்தவர் சட்டம் படித்தவராக இருந்திருக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விதி செய்தேன். வழுக்கினாலோ, இடறினாலோ, மயிரிழையில் தப்பினாலோ, அதை உடனே என்னிடம் சொல்லியாக வேண்டும். முதலில் சொன்னவர், பொட்டலம் கட்டும் இடத்தில் நீங்கள் வாயாடி என்று அழைக்கும் அந்தப் பெண்மணி. பசைத்தண்ணீர் சிந்திய இடத்தில் வழுக்கிவிட்டதாகச் சொன்னார். அவரை உட்கார வைத்து முறைப்படி விசாரித்தேன். எப்போது, எந்தச் செருப்பு, தரையைப் பார்த்துத்தான் நடந்தாரா, பார்த்தவர்கள் யார் என்று ஒன்றுவிடாமல் கேட்டேன். இறுதியில் அவர், "இனிமே வழுக்க மாட்டேன் சார்" என்று உறுதியளித்தார். அதன்பின் இன்றுவரை ஒரு சம்பவமும் இல்லை. விதி வேலை செய்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பணிவுடன்,
தம்பி

•

அன்புள்ள அக்காவுக்கு,

தொலைபேசியில் நீங்கள் கேட்ட கேள்வி இரண்டு நாட்களாக என் காதிலேயே இருக்கிறது. ஒரு மாதமாக ஒரு சம்பவமும் இல்லை என்று நான் பெருமையோடு சொன்னதற்கு, "அது பட்டறையா, இல்ல சுவத்துல மாட்டுன படமா?" என்றீர்கள். சிரித்தது உங்களுக்குப் பின்னால் நின்ற மருமகள் என்று நினைக்கிறேன். என் ஆட்சேபத்தைப் பதிவு செய்கிறேன்.

எனினும், நீங்கள் கேட்ட பிறகு சற்றுக் கூடுதலாகக் கவனித்ததில் ஒன்று புலப்பட்டது. நம் பட்டறையில் அடிபடுபவர் எவருமில்லை. ஆனால் எல்லோரும் வீட்டில் அடிபட்டுக்கொண்டு வருகிறார்கள். கத்தி இயந்திரத்தில் நிற்கும், நீங்கள் மின்னல் என்று அழைப்பவரின் இடக்கை விரலில் கட்டு. வெண்டைக்காய் நறுக்கும்போது பட்டதாம். பசை காய்ச்சும் பெரியவரின் மணிக்கட்டில் கொப்புளம். வீட்டில் வெந்நீர் கொட்டிவிட்டதாம். நீங்கள் ஹாரன் என்று பட்டப்பெயர் வைத்த வேன் ஓட்டுநர் நொண்டிக்கொண்டு வந்தார். வீட்டுக் கட்டிலில் இடித்துக்கொண்டாராம். இவர்களுடைய வீடுகள் எவ்வளவு ஆபத்தான இடங்கள் என்று எண்ணும்போது நெஞ்சு பதறுகிறது. எனவே வரும் வாரம் சாப்பாட்டு நேரத்தில், வீட்டில் பாதுகாப்பாக இருப்பது எப்படி என்று அனைவருக்கும் நானே ஓர் உரை நிகழ்த்துவதாக இருக்கிறேன். குறிப்பெடுத்து வருகிறேன். வெண்டைக்காய்க்கென்று தனிப் பகுதி உண்டு.

இன்னொன்று. பட்டறைப் பக்கமே இனி வர வேண்டாம் போலிருக்கிறது என்று மருமகனிடம் சொன்னீர்களாம். ஏன் என்று அவனுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. நீங்களே கட்டி எழுப்பிய இடம் அது. தனியே யோசித்து முடிவு செய்துவிடாதீர்கள்; எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

பணிவுடன்,
தம்பி

•

அன்பிற்குரிய அக்கா,

இந்தக் கடிதம் சற்று நீளும். நாற்காலியில் சாய்ந்து, காலை நீட்டி வைத்துக்கொண்டு படியுங்கள்.

உரை நிகழ்த்தினேன். வெண்டைக்காயின் வழவழப்பைப் பற்றி நான் விளக்கத் தொடங்கியதும் வாயாடி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பசை காய்ச்சும் பெரியவர் எழுந்து வெளியே போனவர் திரும்பவே இல்லை. மின்னல் தன் விரல் கட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். என் பேச்சில் மனம் உருகிவிட்டார்கள் என்று எண்ணி, இன்னும் கொஞ்சம் நீட்டினேன்.

மறுநாள் அதே நேரத்தில் சாப்பாட்டு அறைப்பக்கம் போனபோது கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே நீதிமன்றம் நடந்துகொண்டிருந்தது. ஹாரன் தோளில் கறுப்பு அட்டை ஒன்றை வக்கீல் கவுனாகப் போர்த்தியிருந்தார். கவிழ்த்த மரப்பெட்டியின்மேல் சாட்சியாக வாயாடி. மற்றவர்கள் சோற்றுத் தட்டோடு சுற்றிலும் இருந்தார்கள். ஹாரன் இல்லாத மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்:

"தரை வழுக்குச்சா, நீங்க வழுக்குனீங்களா? ஆமா, இல்லைன்னு மட்டும் சொல்லுங்கம்மா."

வாயாடி கை கூப்பி, "என்னையே கேட்டா எப்படிங்க? தரையையும் கூப்பிட்டு விசாரிங்க" என்றார்.

பெரியவருக்குப் புரையேறிவிட்டது. உண்மையைச் சொல்வதானால், அக்கா, எனக்கும் ஏறியது. கடினமான கேள்விக்குமுன் நான் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பேன் என்பதே எனக்கு அதுவரை தெரியாது. நான் விழுந்து விழுந்து சிரித்த சத்தத்தில்தான் அவர்கள் என்னைப் பார்த்தார்கள். அறையே உறைந்துபோயிற்று. ஹாரன் கவுனைப் பின்னால் மறைக்கப் பார்த்தார். அது ஆளுயர அட்டை.

அந்த அமைதியில்தான் எனக்கு எல்லாம் விளங்கிற்று. முதன்முதலில் உண்மையைச் சொன்ன பெண்மணியை நான் குற்றவாளிபோல் நிறுத்திக் கேள்வி கேட்டேன். அதைப் பார்த்த மற்றவர்கள் தங்கள் காயங்களையெல்லாம் வீட்டுக் கணக்கில் எழுதத் தொடங்கிவிட்டார்கள். விதி வேலை செய்யவில்லை; நான்தான் எல்லோர் வாயையும் அடைத்து வைத்திருந்தேன்.

சாட்சி விசாரணை சரி, ஆனால் கூண்டில் இருக்க வேண்டியவர் வேறு என்று சொல்லி, வாயாடியை எழுப்பிவிட்டு அந்த மரப்பெட்டியில் நான் உட்கார்ந்தேன். என்னை விசாரிக்கும்படி கேட்டுக்கொண்டேன். பிறகு வாயாடி மெதுவாக, பின் கதவை மறைத்து அடுக்கியிருக்கும் பெட்டிகள் யாருடையவை என்று கேட்டார். என்னுடையவை. வீட்டில் இடமில்லாமல் நான் கொண்டுவந்து வைத்த சட்டப் புத்தகங்கள். தீப்பிடித்தால் ஓடுவதற்கு இருப்பது அந்த ஒரு கதவு.

குற்றத்தை ஒப்புக்கொண்டேன். பெட்டிகள் அனைத்தையும் நானே சுமந்துபோய் வேனில் ஏற்ற வேண்டும் என்று ஹாரன் தீர்ப்பளித்தார். மொத்தப் பட்டறையும் மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் வரிசையாக நின்று மேற்பார்வை பார்த்தது. "முதுக வளைக்காதீங்க சார், முட்டிய மடக்குங்க. நீங்கதானே எழுதி ஒட்டுனீங்க" என்று பெரியவர் ஒவ்வொரு பெட்டிக்கும் எடுத்துச் சொன்னார். இரவு மனைவி என் இடுப்புக்குத் தைலம் தேய்த்துவிட்டாள். விவரம் கேட்டு அவள் சிரித்த சிரிப்பை இங்கே எழுதுவதற்கில்லை.

கடைசிப் பெட்டியை ஏற்றிவிட்டுத் திரும்பியபோது மின்னல் காத்திருந்தார். "வெண்டைக்கா இல்ல சார்" என்றார். என்னை இயந்திரத்தருகே அழைத்துப்போய், இடப்பக்கப் பொத்தானின் இடுக்கில் செருகியிருந்த அட்டைத் துண்டை உருவிக் காட்டினார். அந்தப் பொத்தான் வெகுநாட்களாகவே இறுகிப்போயிருக்கிறது. நாளெல்லாம் அதை அழுத்தி அழுத்தித் தோள் பிடித்துக்கொள்கிறது. ஆகவே அட்டையைச் செருகி அதை நிரந்தரமாக அழுத்தி வைத்துவிட்டு, வலக்கைப் பொத்தானை மட்டும் அழுத்தி வெட்டியிருக்கிறார். நான் முழுப் பகல் நின்று பார்த்தபோது மட்டும் அட்டையை எடுத்துவிட்டு, வலியைப் பொறுத்துக்கொண்டு அழுத்தியிருக்கிறார். அண்மையில் ஒரு தாள் கோணியதைக் கண்டு இடக்கை தானாகவே சரிசெய்யப் போயிருக்கிறது. கத்தி நகத்தின் நுனியைச் சீவியதோடு போயிற்று.

எத்தனை நாளாக, யாருக்கெல்லாம் தெரியும், ஏன் சொல்லவில்லை என்று என் தொழிலின் கேள்விகள் அத்தனையும் நாக்கின் நுனிக்கு வந்தன. கண்ணாடியில் கை வைத்துவிட்டேன். எதிரே ஹாரன் நிற்பதைக் கண்டு கையை இறக்கிக்கொண்டேன்.

"தோள் இப்ப எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டேன்.

மின்னல் தோளை ஒருமுறை சுழற்றிப் பார்த்தார். பிறகு, "இன்னிக்குப் பரவால்ல சார்" என்றார்.

அங்கேயே இயந்திரத்தின் மின்சாரத்தைத் துண்டித்தேன். செருப்புக் கடைக்காரருக்குத் தொலைபேசியில் பெட்டிகள் தாமதமாகும் என்று சொன்னேன். அவர் கோபித்துக்கொண்டார். கோபிக்கட்டும், கோபத்துக்கு மருந்து தேவையில்லை. மெக்கானிக் வந்து இரண்டு பொத்தான்களையும் மாற்றினார். தொட்டாலே இறங்குகின்றன. அட்டையைச் செருகினால் இயந்திரம் ஓட மறுக்கும்படியும் செய்துவிட்டார். மின்னல் மருத்துவரிடம் தோளைக் காட்டி வந்து, அவர் சொன்ன பயிற்சிகளை எல்லோருக்கும் கற்றுக்கொடுக்கிறார். காலையில் வந்து பார்த்தால் பட்டறையே பறக்கப்போவதுபோல் கைகளைச் சுழற்றிக்கொண்டிருக்கும்.

விதியையும் திருத்திவிட்டேன். யார் வந்து எதைச் சொன்னாலும் முதலில் நலம் விசாரிக்க வேண்டும். அடுத்து எதை மாற்றலாம் என்று அவரிடமே கேட்க வேண்டும். யாருடைய தவறு என்ற கேள்வி எல்லாவற்றுக்கும் கடைசியில் வரும். பெரும்பாலும் அதற்குத் தேவையே இருப்பதில்லை. இப்போது ஓயாமல் வந்து சொல்கிறார்கள். பசைச்சட்டியின் கைப்பிடி சுடுகிறது. அட்டைத் தூசியால் இருமல் வருகிறது. வேன் பின்னோக்கி வரும் வழியில் வக்கீல் சார் நின்று செய்தித்தாள் படிப்பது ஆபத்து. அனைத்தும் ஏற்கப்பட்டன. சம்பவமே இல்லாத அந்த மாதத்தைவிட, புகார்கள் குவியும் இந்த மாதத்தில்தான் நான் நிம்மதியாகத் தூங்குகிறேன்.

அக்கா, இனி எழுதப்போவதை எப்படி எழுதுவது என்று நெடுநேரம் யோசித்தேன்.

நேற்று மாலை எல்லோரும் போன பிறகு வாயாடி மட்டும் நின்றார். காகிதச் சுருள்கள் வைக்கும் மேல்தட்டைக் கீழே இறக்க வேண்டும் என்றார். அதன்கீழே கிடக்கும் ஸ்டூல் ஆடும் என்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "அதுல ஏறி ஒருத்தங்க விழுந்திருக்காங்க சார். வீட்டுக் குளியலறையில விழுந்ததா சொல்லணும்னு எங்ககிட்ட சத்தியம் வாங்கிட்டாங்க. தம்பிக்குத் தெரிஞ்சா கேள்வியா கேட்டுக் கொன்னுடுவான்னு சொன்னாங்க" என்றார்.

பதில் தெரிந்த கேள்வியைத்தான் சாட்சியிடம் கேட்க வேண்டும் என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். பதில் எனக்குத் தெரிந்துவிட்டது. கேட்கவில்லை. தகவலுக்கு நன்றி சொல்லி, அவரைப் பேருந்து நிறுத்தம்வரை கொண்டுபோய் விட்டுவந்தேன். அவர் மேல் கோபப்படாதீர்கள். சத்தியத்தை அவர் மீறவில்லை. பெயரைச் சொல்லவே இல்லை.

இன்று காலை தச்சரை வரவழைத்து மேல்தட்டை இறக்கி, உங்கள் மேசையருகே இடுப்பு உயரத்தில் அமைத்தாயிற்று. உட்கார்ந்தபடியே சுருளை எடுக்கலாம். அந்த ஸ்டூலை உடைத்துப் போட்டாயிற்று. உடைக்கும் உரிமை எனக்குத்தான் என்று மின்னலும் ஹாரனும் சண்டை போட்டார்கள். ஆளுக்கு இரண்டு கால் என்று சமரசம் செய்துவைத்தேன்.

பட்டறைப் பக்கமே வர வேண்டாம் என்று உங்களுக்குத் தோன்றியது ஏன் என்று இப்போது நான் ஊகிக்கிறேன். என் ஊகம் தவறாகவும் இருக்கலாம். அதைச் சரிபார்க்கும் எண்ணம் எனக்கில்லை. நீங்கள் வாருங்கள். வாசலில் எந்தக் கேள்வியும் இருக்காது. உங்களுக்கே எதையாவது சொல்லத் தோன்றினால் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள்வேன். தோன்றாவிட்டால் இருவருமாக ஆளுக்கொரு தேநீர் குடித்துவிட்டு வேலையைப் பார்ப்போம். எப்படியானாலும் வாருங்கள், அக்கா.

உங்கள் வரவை எதிர்நோக்கும்,
தம்பி